'கிரீஸ் கை' எழுதிய பிளாக்

அன்புள்ள அப்பா,

நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் இதை எழுதி உங்கள் சாப்பாட்டுப் பையில் வைத்துவிட வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நம் கம்பெனியின் இணையப் பிளாக்கில் 'கிரீஸ் கை' என்ற பெயரில் எழுதுகிறவரைப் பற்றி நேற்று அம்மாவிடம் சொன்னீர்கள். "இவன் நம்மகூட நின்னு வேலை பார்த்தவன்தான். புது மெஷினுக்குப் பயப்படாதீங்கன்னு அவனே சொல்றப்ப எனக்கென்ன? நாளைக்கு எல்லாரும் சம்மதம்னு கையெழுத்துப் போடப் போறோம். அவனை ஒரு தடவை பார்க்கணும்."

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

உங்கள் மூன்றாம் நம்பர் மெஷின் நிற்பதற்கு முன்னால் மனுஷன் மாதிரி இருமும் என்று அவர் எழுதியிருந்தாரே, அதை நீங்கள் வேறு யாரிடமாவது சொன்னீர்களா, அப்பா? என்னிடம் மட்டும்தானே சொன்னீர்கள்?

நான் வேலை பார்க்கும் மாடி ஆபீஸில் எங்கள் மேனேஜர், "தொழிலாளி எழுதுற மாதிரியே எழுதும்மா, அப்பதான் கீழ இருக்கிறவங்க நம்புவாங்க" என்றார். வெறும் எழுத்துதானே என்று நினைத்துவிட்டேன். புது மெஷின் வந்ததும் வீட்டுக்கு அனுப்பப் போகிறவர்களின் பட்டியல் நேற்று என் மேஜைக்கு வந்தது. முதல் வரியிலேயே மூன்றாம் நம்பர் மெஷினும் உங்கள் பெயரும் இருக்கின்றன.

குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.

கையெழுத்துப் போடாதீர்கள். மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள். என் வேலை போனால் போகட்டும். நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட ஆள்தான் சாயங்காலம் உங்களுக்குக் கதவைத் திறப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்ப்பீர்களா, அப்பா?

உங்கள் மகள்