ஈரம் ஊறும் தூண்

பெய்ரூட்
14 அக்டோபர் 2009

என் கண்ணான லமாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் கத்துகிறேன், கடைசியில் மருமகன் போனை வாங்கி மாண்ட்ரியல் குளிரைப் பற்றிப் பேசுகிறார். ஆறு மாதக் கர்ப்பிணியோடு சண்டை போட எனக்கு மனமில்லை. அதனால்தான் கடிதம். இதில் நான் எவ்வளவு கத்தினாலும் உனக்குக் கேட்காது.

கால் வீங்குகிறது என்றாயே, உப்பைக் குறை. நின்றுகொண்டே சமைக்காதே. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஸாத்தர் பொடியும் உலர்ந்த அத்திப்பழமும் போன வாரம் அனுப்பினேன். அத்திப்பழம் மட்டும் உனக்கு. மருமகன் கேட்டால் ஒன்று கொடு, போதும்.

நீ அனுப்பிய குடியேற்ற விண்ணப்பம் வந்து சேர்ந்தது. மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், காபியெல்லாம் கொடுத்தார். உங்கள் விண்ணப்பத்துக்கு இரண்டில் ஒன்று வேண்டும் என்றார். கணவரின் கையெழுத்து, இல்லாவிட்டால் கணவரின் இறப்புச் சான்றிதழ். காணாமல் போய் நான்கு வருடம் ஆனவர்களுக்குச் சட்டமே இருக்கிறது, கோர்ட்டில் மனுக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் ஆகிவிடும், நிறையக் குடும்பங்கள் வாங்கிவிட்டன என்றார். மனுவைக்கூட அவரே எடுத்து என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார்.

அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? “என் கணவர் அத்னான் இறந்துவிட்டார் என அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” கேட்டுக்கொள்கிறேனாம். கொண்டுபோனவன் ஒருவன், கேட்டுக்கொள்வது நானா?

பேனாவை வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். அது வெறும் பேப்பர்தானே அம்மா என்று நீ சொன்னது காதில் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்குத்தான் போனேன், ஆனால் பஸ்ஸில் ஏறவில்லை. கால் போன பக்கம் நடந்தேன். அது அந்தத் தெருவுக்குப் போயிற்று.

உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு நான் அந்தத் தெருவுக்குப் போனதே இல்லை என்பது உனக்குத் தெரியும். காய்கறிச் சந்தைக்குப் போக அதுதான் குறுக்கு வழி, ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போவேன். அப்போது கிறிஸ்தவர்களின் கிழக்கையும் நம் மேற்கையும் பிரித்த கோடு அது. நடு ரோட்டில் ஆளுயரத்துக்குப் புல் முளைத்துக் கிடந்தது. இப்போது இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், கார் விற்கிற கடை, நாய்க்கு முடிவெட்டுகிற கடை. அந்த மஞ்சள் கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது. முகமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குண்டு பட்ட குழிகள். அதற்கும் இப்போது சாரம் கட்டிப் பச்சைத் துணி போட்டிருந்தார்கள். ஒரு கொத்தனார் கீழே உட்கார்ந்து குழி குழியாகச் சிமெண்ட் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். வாசல் தூணுக்கு இன்னும் வரவில்லை.

எதிரே மருந்துக்கடை ஹாகோப் என்னைப் பார்த்துவிட்டார். எண்பது வயது, கை நடுங்குகிறது, ஆனால் கடையை விடவில்லை. “லமா அம்மா, வர இவ்வளவு வருஷமா?” என்று மட்டும் கேட்டார். நாற்காலி போட்டார். அந்தக் காலைப் பொழுதை மறுபடி சொல்லச் சொன்னேன். சண்டை முடிவதற்கு முன்பே பலமுறை சொன்னதுதான். உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், படி.

உன் அப்பா தண்ணீர் நிலையத்தில் வேலை பார்த்தார் என்று தெரியும். பெரிய வால்வு அந்தப் பக்கம் இருந்தது. அதைத் திறந்தால்தான் இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர். இரண்டு பக்கத்து ஆட்களும் கொடுத்த அனுமதிச் சீட்டு அவரிடம் இருந்தது. வாரம் இரண்டு நாள், வால்வு திறக்கும் நீளக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே கடப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை சோதனைச் சாவடியில் புது ஆட்கள் இருந்தார்களாம். சீட்டைப் பார்க்கவில்லை, அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். அட்டையில் மதம் எழுதியிருக்கும் அல்லவா. ஒருவன் அதைப் படித்துவிட்டு, இங்கே உனக்கு என்னடா வேலை என்றானாம். உன் அப்பா சொன்னது ஹாகோப் காதில் தெளிவாக விழுந்திருக்கிறது.

“தண்ணிக்கு என்ன மதம்னு நீங்களே சொல்லுங்க. அதையே என் அட்டையில எழுதிக்கிறேன்.”

அவர்கள் சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டே மஞ்சள் கட்டடத்து வாசலுக்குள் கூட்டிப்போனார்களாம். கம்பியைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஒன்பது நாள் இரண்டு பக்கமும் குழாயில் காற்றுதான் வந்தது.

ஹாகோப் சொல்லி முடித்தபோது கொத்தனார் அந்தத் தூணுக்கு வந்துவிட்டார். நான் எழுந்து போய் முன்னால் நின்றேன். சிரியாக்காரர், கலஃப் என்று பெயர். இதை அடைக்காதே என்றேன். கூலிக்காரன் அம்மா நான், மேஸ்திரியைக் கேளுங்கள் என்றார். மேஸ்திரி ஃபாதி வந்தார். ஐம்பது வயது இருக்கும், அந்தப் பக்கத்துக்காரர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. வீட்டுக்குப் போங்க அக்கா, முடிஞ்சுபோன கதை, ஊரே மறந்துடுச்சு என்றார். பொல்லாத ஆளாகத் தெரியவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

தூணில் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் காயவில்லை. கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, பூச்சில் எழுதினேன். அத்னான். கீழே அவரைக் கொண்டுபோன தேதி. கலஃப் பூசும் கரணையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு அழிச்சுடுவேன் என்றார்.

“அழி. நாளைக்கும் சாவி என்கிட்டதான் இருக்கும்.”

அழித்தார். மறுநாள் போய் எழுதினேன். அதையும் அழித்தார். வீட்டில் உட்கார்ந்து நான் வேறு என்ன செய்யப்போகிறேன்? நாள் தவறாமல் போனேன். மூன்றாம் நாளிலிருந்து கலஃப் எனக்காகப் பூச்சைக் கொஞ்சம் தளர்வாகக் குழைத்து வைக்க ஆரம்பித்தார். சாவி வளைகிறது என்று ஓர் ஆணியும் கொடுத்தார். ஹாகோப் நாற்காலியைக் கடைக்கு உள்ளே எடுத்து வைப்பதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் கட்டடத்து உரிமையாளரின் ஆள் வந்து போலீஸைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிடு, இருபத்துநான்கு வருடமாக நான் கூப்பிட்டு அவர்கள் வரவில்லை, உனக்காகவாவது வரட்டும் என்றேன். போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் நான் எழுதி முடித்தபோது மேஸ்திரி பின்னால் வந்து நின்றார். கரணை கையில் இல்லை. மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, எனக்கும் ஒரு பேர் இருக்கு. என் தம்பி இலியாஸ். உங்க பக்கத்துச் சாவடியில வண்டியிலிருந்து இறக்கிக் கொண்டுபோனாங்க.”

லமா, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முதலில் என் மனதில் வந்தது இரக்கம் இல்லை. இது என் புருஷன் தூண், உன் தம்பிக்கு வேறு தூண் பார்த்துக்கொள் என்றுதான் வாயில் வந்தது. எட்டுத் தடவை என் அத்னானை அழித்த கை அது. ஆனால் அந்த ஆள் ஆணியைக் கேட்கவில்லை. பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றார், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்பவர் மாதிரி. உன் அம்மா அவனுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டாளா என்று மேஸ்திரியைக் கேட்டேன். வாங்காமலே போய்ச் சேர்ந்தாள் என்றார்.

ஆணியைக் கொடுத்தேன். “கீழ எழுதாதே. பக்கத்துல எழுது” என்றேன்.

எழுதினார். எழுத்து கோணல். இலியாஸின் கடைசி எழுத்தைக் கலஃப்தான் சரிசெய்தார்.

இப்போது அந்தக் கட்டடம் முழுதும் வழவழவென்று பூசி வெள்ளையடித்தாகிவிட்டது. வாசல் தூண் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் ஈரம் ஊறுகிறது, பூச்சு நிற்காது, தொட்டால் உதிர்கிறது என்று மேஸ்திரி உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறார். எத்தனை நாளைக்கு நம்புவார்களோ தெரியாது. நம்பாத அன்று போக நான் தயாராக இருக்கிறேன், ஹாகோப்பின் நாற்காலி இருக்கிறது.

இனி உன் விஷயம். குடியேற்ற விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். கோபப்படாதே, முழுதும் படி. ஆறு மாதம் வந்து தங்கிப் போகும் விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதற்குச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் அதிலும் கணவரைப் பற்றிய கேள்வி இருந்தது. மணமானவர் என்ற கட்டத்தில் குறி போட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். அதைத்தான் மகளே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், முத்திரையைக் குத்தினாள். மூன்று வாரத்தில் பதில் வருமாம். வந்தால் பிரசவத்துக்கு உன் பக்கத்தில் இருப்பேன். வராவிட்டால் நீ என்னை மன்னிக்க வேண்டியிருக்கும். உனக்கு அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

நான் பைத்தியக்காரி இல்லை, லமா. அவருக்கு இப்போது எழுபத்தொன்று. அப்போதே சர்க்கரை இருந்தது, காலை மாத்திரை இல்லாமல் ஒரு நாளைத் தாண்டவே மாட்டார். இருபத்துநான்கு வருடக் கணக்கு எனக்கும் போடத் தெரியும். தெரிந்தது தெரிந்ததாக என்னோடு இருக்கட்டும். ஆனால் முதலில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். எங்கே, எப்படி, எந்த மண்ணில் என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். அவர்கள் செய்ததை என் கையெழுத்தால் முடித்துவைக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உன் பிள்ளை பேச ஆரம்பித்துத் தாத்தா எங்கே என்று கேட்கும். செத்துவிட்டார் என்று சொல்லாதே. தொலைந்துவிட்டார் என்றும் சொல்லாதே, அவர் தொலைகிற ஆள் இல்லை. கொண்டுபோனார்கள், இன்னும் பதில் சொல்லவில்லை என்று சொல். பிள்ளைக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, சொல்லி வை.

இறைவன் உன் வயிற்றைக் காக்கட்டும். வலி சுருக்கமாக இருக்கட்டும். உன் பிள்ளை யாரிடமும் எதையும் இழக்காமல் வளரட்டும். இழந்தால், திருப்பிக் கேட்கத் தெரிந்து வளரட்டும். காலை உயர்த்தி வைத்துப் படு. கதவுப் பக்கம் காற்று வராமல் துணி வை.

உன்னை நெஞ்சோடு அணைக்கும்
உன் அம்மா
சமீஹா, அத்னானின் மனைவி