தையலுக்கு விட்ட துணி

பள்ளியில் ‘மிஸ்’ என்றும் வீட்டில் ‘மா’ என்றும் நான் கூப்பிட்ட என் அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார். உன் தையல் மெஷின் பலகையில் பேப்பரை வைத்து எழுதுகிறேன். எழுந்து வந்து பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டே நிற்கின்றன. இன்றைக்கு அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை.

நாளைக்கு ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். கல்வி ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். மாணவிகள் சார்பில் நான் பேச வேண்டுமாம். பேச வேண்டியது உன்னைப் பற்றி. அதனால்தான் மா உனக்கு எழுதுகிறேன்.

நீ போன பிறகு எங்களுக்குக் கணக்கு நடத்த யாரும் வரவில்லை. கணக்கு பீரியடில் பக்கத்து வகுப்பு டீச்சர் கதவோரம் வந்து, “சத்தம் போடாம படிங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். பொதுத்தேர்வு வருகிறது. என்ன படிப்பது என்றே தெரியவில்லை. எச்.எம். டீச்சர் ஆபீசுக்கு எழுதிப் பார்த்தார், நேரிலும் போய் வந்தார். “நான் கேட்டா, இவ்ளோ நாள் சமாளிச்சீங்களே, இன்னும் கொஞ்ச நாள் சமாளிங்கன்றாங்க. நீங்க கேளுங்கம்மா, உங்க படிப்பு” என்றார். வகுப்பில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

எப்படிச் சமாளித்தோம் என்று எனக்குத் தெரியுமே. நீ பகுதி நேரத் தையல் டீச்சர். வாரத்தில் மூன்று அரை நாள் வந்தால் போதும், அதற்குத்தான் சம்பளம். கணக்கு சார் மாற்றலாகிப் போய், அந்த இடம் காலியாகவே கிடந்தபோது எச்.எம். டீச்சர் உன்னைத்தான் கேட்டார். “எனக்குத் தெரிஞ்சது துணிக் கணக்குதான் டீச்சர்” என்றாய். மறுநாளிலிருந்து தினமும் வந்தாய்.

குழம்பு கொதிக்கும்போதே அடுத்த பாடத்தைப் படிப்பாய். புரியாவிட்டால் மாடி வீட்டு காலேஜ் அக்காவிடம் ஓடுவாய். “புள்ளைங்கள வுட ஒரு பாடம் முன்னாடி போய்க்கினு இருந்தா போதும்டி, நானும் டீச்சர்தான்” என்று சிரிப்பாய். வட்டம் என்றால் என்னவென்று எங்களுக்கு ஷாஹினாவின் இடுப்பை டேப்பால் அளந்துதான் சொல்லிக் கொடுத்தாய். இந்த இடுப்புக்கு வட்டப் பாவாடை வெட்ட ஆரம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டாய். ஷாஹினா, “மிஸ், என் அளவ போர்ட்ல போடாதீங்க மிஸ்” என்று கத்தியது நினைவிருக்கிறதா?

அப்புறம் அந்த அரையாண்டுத் தேர்வு. எங்கள் ஸ்கூலில் கணக்கு வாத்தியார் இல்லாததால் பேப்பரை வேறு ஸ்கூல் சார்தான் திருத்தினார். பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார். “இன்னா மிஸ் இது? வகுப்பு மொத்தமும் முக்கோணத்துக்கு பார்டர் கட்டிக்கீதுங்க?” நாங்கள் எல்லோரும் அளந்து வரைந்த முக்கோணத்துக்கு வெளியே, சுற்றிலும் அரை இஞ்சு தள்ளிப் புள்ளிக்கோடு போட்டிருந்தோம். துணி வெட்டும்போது நீ சொல்லிக் கொடுத்தபடியே, தையலுக்கு விட்டது.

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாய். பிறகு எங்களிடம், “தப்பு என்னுது. பேப்பர்ல வுடாதீங்க. துணில மட்டும் வுடுங்க. கரெக்டா வெட்டிட்டா தைக்கிறப்ப ஆளுக்குப் பத்தாது” என்றாய்.

மே மாதம் ஸ்கூலை மூடினால் உன் சம்பளத்தையும் மூடிவிடுவார்கள். அப்போது காசிமேட்டில் இறால் உரிக்கப் போவாய். ஜூனில் திரும்பி வரும்போது விரலெல்லாம் கீறியிருக்கும். சாக்பீஸ் தூள் பட்டால் எரியும் என்று கர்சீப்பைச் சுற்றிப் பிடித்து எழுதுவாய். மிஸ் ரொம்ப ஸ்டைல் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். வீட்டில் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டது நான்தானே. ஒரு நாள்கூட நீ அலுத்துக்கொண்டு கேட்டதில்லை. அலுத்துக்கொண்டிருக்கலாமே மா?

நாளைக்கு நான் பேசுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “இன்னாத்துக்கு நீ பேசணும்? கணக்கு படிக்காதவ கணக்கு எடுத்தா, முக்கோணத்துக்குக் கூட தையல் வுட்டாள்னு நாலு பேர் சிரிப்பாங்க. செத்தவள சபைக்கு இஸ்துக்கினு போவாத” என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் பயமும் உன்மேல் உள்ள பாசம்தான். எனக்கும் அதே பயம்தான். அதிகாரி சிரித்துவிட்டால்? உன்னைக் கணக்கு எடுக்க விட்டதே தப்பு என்று எச்.எம். டீச்சரைத் திட்டினால்?

ஆனால் இன்றைக்கு ஒன்று நடந்தது. கணக்கு பீரியடில் ஷாஹினா போர்டில் ஒரு முக்கோணம் வரைந்தாள். சும்மா பார்த்துக்கொண்டு நின்றவள், வெளியே சுற்றிலும் புள்ளிக்கோடு போட்டாள். வகுப்பே சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ அழ ஆரம்பித்தார்கள். மணி அடித்த பிறகும் யாரும் அதை அழிக்கவில்லை. “நீ எழுந்து நில்லு. நானும் நிக்கறேன்” என்றாள் ஷாஹினா.

வீட்டுக்கு வந்து நாளைக்குப் போட வேண்டிய யூனிபார்ம் டாப்பை எடுத்தேன். தோளில் பிடித்தது, கை தூக்க முடியவில்லை. ஸ்கூலில் கொடுக்கும் யூனிபார்ம் யாருக்கும் பொருந்தாது, நீதான் எல்லோருக்கும் பிரித்துத் தைத்துக் கொடுப்பாய். பிரித்து விடலாம் என்று உள்பக்கம் திருப்பினேன். அரை இஞ்சு இருக்கும் என்று நினைத்தேன். ஒரு இஞ்சுக்கு மேலேயே மடித்து விட்டிருக்கிறாய். நான் இன்னும் வளருவேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

பிரித்துவிட்டேன் மா. உன் மெஷினை ஓட்டினால் அப்பா எழுந்துவிடுவார் என்று கையாலேயே தைத்தேன். வெளியே துணி வெளுத்துக் கிடக்கிறது, உள்ளே இருந்தது மட்டும் புதுசாகவே இருக்கிறது. இரண்டு பக்கமும் கருநீலமாக ஒரு கோடு தெரிகிறது. தெரியக் கூடாது என்று முதலில் துப்பட்டாவால் மூடிப் பார்த்தேன். இப்போது தெரியட்டும் என்று தோன்றுகிறது. இத்தனை நாள் உள்ளே மடிந்து கிடந்து அதுதானே என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நாளைக்குச் சொல்லப்போவதை உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கம்மா தையல் டீச்சர். கணக்கு டீச்சர் இல்லாததால் கணக்கும் எடுத்தார். எங்களுக்குப் புரிந்தது. ஆனால் அது அவர் வேலை இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. எங்களுக்கு ஒரு கணக்கு டீச்சர் வேண்டும், பரீட்சைக்கு முன்னால் வேண்டும். இனி வரும் தையல் டீச்சருக்கு மே மாதமும் சம்பளம் வேண்டும், ஏனென்றால் மே மாதமும் பசிக்கும். முக்கோணத்தைப் பற்றி யாராவது கேட்டால் அதையும் சொல்வேன். சிரிக்கட்டும், நீயே சிரித்தாயே.

பயம் போகவில்லை மா. பயத்தோடுதான் எழுந்து நிற்பேன். ஆனால் நிற்பேன், உட்காரச் சொன்னாலும் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவேன். இது சத்தியம்.

நீ விட்டுவைத்த துணிக்குள் வளர்ந்துகொண்டிருக்கும்,
உன் மகளும் உன் மாணவியுமான
கீர்த்தனா