செல்லு என்றார் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம் என்று இதுவரை ஒப்புக்குத்தான் எழுதிவந்தேன், இந்த முறை மனதார எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வாதம் வந்து பேச்சு போனபின், நீ ஏற்பாடு செய்த பேச்சுப் பயிற்சி ஆசிரியை கம்ப்யூட்டரில்தானே பாடம் நடத்துகிறார், அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம் படுத்திய பாடு உனக்கே தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுநாள் போட்டால் நீ பள்ளிக்கூடம் போன காலத்துத் தேதியைக் காட்டும். தேதி தப்பென்றால் பாடம் திறக்காது, பாதுகாப்பு இல்லை என்று முகத்திலடித்தாற்போல் சொல்லும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நீ போனில் பொறுமையாகச் சொல்லித்தருவாய், நானும் சரிசெய்வேன், மறுநாள் மறுபடி அதே கதை. இடையிடையே பாடம் விட்டுப்போனால் வந்த சொல்லும் நழுவிவிடும் என்று ஆசிரியை வேறு சொல்லியிருந்தார்.

போன வாரம் நான் தேதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா என் கையைப் பிடித்து இழுத்து, செல்லு செல்லு என்றார். என்னைத்தான் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் போ என்று எத்தனையோ தடவை சொன்னவர், இப்போது செந்தமிழில் விரட்டுகிறாரே என்று மனசு சுருக்கென்றது, எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அவர் விடவில்லை. டிவி ரிமோட்டை எடுத்து ஒற்றைக் கையால் அதன் பின்மூடியைப் பெயர்த்து உன் அத்தையிடம் நீட்டியிருக்கிறார். அவள் வந்து, அண்ணி, அண்ணன் உங்களப் போகச் சொல்லல, செல்ல மாத்தச் சொல்றாரு என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

கரண்டை நிறுத்திவிட்டு அத்தைதான் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கடிகாரத்தை ஓட்டுகிற பேட்டரி செல், காசு மாதிரி ஒன்று, உயிர் போய்க் கிடந்தது. கடையில் அதேபோல் ஒன்று வாங்கிப் போட்டுத் தேதியைத் திருத்தினோம். மறுநாள் போட்டதும் தேதி அப்படியே நின்றது, ஆசிரியையும் திரையில் வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். எங்கே, இன்னொரு தடவ சொல்லுங்க என்று கேட்டார். அப்பா, செல்லு என்று சொல்லி நிறுத்தி, என்னைப் பார்த்து, நீ இல்ல என்றார். பேச்சு போனபின் அவர் சொற்களைச் சேர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து எங்களோடு கிடக்கிற உன் அத்தைக்கும், அலுக்காத அந்த ஆசிரியைக்கும், தூரத்திலிருந்தும் தாங்கிப் பிடிக்கிற உனக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அப்பாவே உன்னிடம் பேசுவார். அவர் சொல் தேடி நிற்கும்போது நீ எடுத்துக் கொடுத்துவிடாதே. எவ்வளவு நேரமானாலும் காத்திரு, வந்துவிடும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா