பயணத்தில் இருப்பவர்கள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. முட்டிவலியைத் தவிர நான் நலம். உன் வீட்டுக்காரியும் பாப்பாவும் சுகம்தானே?

அம்மாவை அடக்கம் செய்து பதினெட்டு நாளாகிவிட்டது. லீவு கிடைக்கவில்லை என்றாய். நான் நம்பவில்லை. போகட்டும்.

ஏப்ரல் 26, ஞாயிறு ஆராதனையில் அம்மாவை நினைவுகூரப் போகிறார்கள். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். இறந்தவரின் வாழ்க்கையை ஒரு பக்கத்துக்கு எழுதி, பிள்ளைகளில் ஒருவர் வாசிக்க வேண்டும். என் பையன்கள் இருவரும் "பாட்டி ரொம்ப நல்லவங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தால் தாள் நனைகிறது. சின்ன வயதிலிருந்தே எழுத்து உன் கைக்குத்தான் வரும். எழுது. வந்து நீயே வாசி. பதினான்கு வருஷம் போதும்டா.

அன்புடன்,
அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

லீவு கிடைத்தது. டிக்கெட்டும் இருந்தது. நான்தான் கிளம்பவில்லை. உன்னிடம் பொய் சொல்லி எந்தக் காலத்தில் தப்பித்திருக்கிறேன்!

நீ சொன்னதற்காக உட்கார்ந்தேன். "எங்கள் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டார். ஒரு ஞாயிறுகூட ஆராதனைக்குத் தவறியதில்லை." இதற்கு மேல் பேனா ஓடவில்லை. சபையைச் சேராதவளைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு ஊரை விட்டுக் கிளம்பிய அன்று வாசலில் நின்று அவளிடம் கேட்டேன், "உனக்கு நான் பெருசா, கோயில் பெருசா?" ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். அதுதானே பதில்?

பிறகு எத்தனை தடவை போன் செய்தேன்! நீதான் எடுப்பாய். பின்னால் அவள் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்கும். பேச வரமாட்டாள். பாப்பாவுக்கு ஒன்பது வயதாகிறது. "பாட்டி குரல் எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

நீயே எழுதிவிடு அக்கா. பக்கத்தில் இருந்தவள் நீதான்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

"அன்புள்ள" போடவில்லை. கவனித்திருப்பாய்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவளே போய்விட்டாள், இனி சத்தியம் எதற்கு? கேள். ஆராதனையில் ஜெபத்துக்காகப் பெயர்களை வாசிப்பார்களே, நோயாளிகள், பரீட்சை எழுதுபவர்கள், பயணத்தில் இருப்பவர்கள் என்று. கோயில் ஆபீஸில் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஒரு மாதம் வாசிப்பார்கள். அதற்குப் பிறகு எடுத்துவிடுவார்கள். அன்று நீ கேட்டதும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தச் சீட்டைக் கொடுக்கத்தான். பத்து நிமிடத்தில் வந்துவிடலாம், அதுவரை நிற்பான் என்று நினைத்தாள். வாயைத் திறந்து "இருடா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வந்தபோது நீ இல்லை.

மாதாமாதம் போய்ப் புதுச் சீட்டு கொடுத்தாள். பதினான்கு வருஷம். "என்னம்மா, பையன் இன்னும் வந்து சேரலையா?" என்று சபைச் செயலாளர் கேலி செய்வார். "வழியிலதான் இருக்கான்" என்பாள். காய்ச்சலில் படுத்த மாதம் என்னைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லிப் படியேறினாள். நீ போனில் வந்தால் மட்டும் எடுக்கமாட்டாள். "நேர்ல வரட்டும்" என்பாள். பிடிவாதம். உன்னுடையது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

அவளைப் புனிதவதியாக்கி எழுதாதே. பாட்டுக் குழுவுக்கு அரை வரி முன்னால் ஓடிப் பாடி எல்லோரையும் குழப்புவாள். போதகர் கைகுலுக்க வந்தால், "அங்கியில மடிப்பு சரியில்ல, கழட்டிக் குடுங்க" என்பாள். அதை எழுது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷம் கூடவே இருந்து, முடியாத நாட்களில் அவளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கோயிலுக்குக் கூட்டிப்போனவள் நான். என் பெயர் எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. ஞாயிறுதோறும் உன் பெயரைக் கேட்டு அவள் தலை குனியும்போது எனக்கு உன்மேல் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தில் இருப்பவளுக்கு ஜெபம் எதற்கு என்று நினைத்துவிட்டாள் போல.

அவள் கொடுத்த கடைசிச் சீட்டின் நாள் முடிந்தும், செயலாளர் எடுக்க மனசு வராமல் இன்னும் உன் பெயரை வாசித்துக்கொண்டிருக்கிறார். "அந்த நினைவு ஞாயிறு வரைக்கும் வாசிக்கிறேன், அப்புறம் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அதை நீதான் சொல்ல வேண்டும். வந்துவிடு.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, என் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. பிறகு நானே எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

பக்கத்தை எழுதிவிட்டேன். இதோடு இருக்கிறது. அரை வரி முன்னால் ஓடியதையும் அங்கி மடிப்பையும் சேர்த்திருக்கிறேன். வாசலில் நான் கேட்ட கேள்வியையும் எழுதியிருக்கிறேன். அதை விடாமல் வாசி.

எனக்கு வரத் தைரியமில்லை அக்கா. என் பெயரை எடுத்துவிடச் சொல். எதிர்பார்த்திருக்க ஆளில்லாத வீட்டுக்கு ஒருவன் எப்படி வந்து சேருவான்?

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

நேற்று நானே வாசித்தேன். அங்கி மடிப்பு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், போதகர் தன் அங்கிக் கையைப் பார்த்துக்கொண்டார். உன் கேள்வி வந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பெரியவன் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தான். ஒரு வார்த்தையும் விடாமல் படித்து முடித்தேன்.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் ஆபீஸ் வாசலில் நின்றார். நீ சொன்னபடி சொல்லிவிடத்தான் போனேன். ஆளில்லாத வீடு என்று எழுதியிருக்கிறாய். ஒரு வாரமாக அந்த வரி என்னைத் தின்கிறது. நான் யாருடா? அம்மாவின் சாவியை வைத்துக்கொண்டு வாடகைக்கா இருக்கிறேன்?

சீட்டை வாங்கி உன் பெயரை எழுதினேன். கேட்பவர் யார், என்ன உறவு என்று கீழே ஒரு வரி இருக்கிறது. பதினான்கு வருஷமாக அந்த இடத்தில் "தாய்" என்று இருந்திருக்கும். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"அக்கா" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.