இனி ரத்தம் வேண்டாம்

ஜூலை 9, புதன். மழை விடவில்லை.

மகள் சுமதி லேபில் வளர்த்து ஆராய்கிற மலேரியாக் கிருமிக்கு மனித ரத்தம்தான் சாப்பாடு. என்னுடையது ஓ பாசிட்டிவ், அதற்கு ஒத்துப்போகுமாம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற நான் விஞ்ஞானத்துக்கு இத்தனை வருஷமாகச் செய்த ஒரே சேவை, அவ்வப்போது போய்க் கையை நீட்டியதுதான்.

இன்றும் தம்பானூரில் கடையைச் சாத்திவிட்டு லேபுக்குப் போனேன். சுமதி வாசலுக்கே வந்துவிட்டாள். நான் சட்டைக்கையை மடித்துக்கொண்டே, "என்ன மக்ளே, பேரப்பிள்ளைகளுக்குப் பசிக்குதா?" என்றேன். எப்போதும் இதற்குச் சிரிப்பாள்.

"இனி ரத்தம் வேண்டாம்ப்பா. பிராஜெக்டுக்குப் பணத்த நிறுத்திட்டாங்க. காலைல நானே பிளீச்சிங் ஊத்தி எல்லாத்தையும் கொன்னுட்டேன்."

"அப்போ உன் வேலை?"

"இந்த மாசத்தோட தீர்ந்துது. அம்மைகிட்ட இப்போ சொல்லாண்டாம்."

கிருமி செத்தால் நல்லதுதானே என்று சொல்லப் பார்த்தேன். மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் மனைவி, ரத்தம் கொடுக்கிற நாளில் வழக்கமாகத் தருகிற பாலும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்திருந்தாள்.

"குத்துன எடத்துல பஞ்சக் காணோமே?"

"மழையில விழுந்துட்டு."

நம்பிவிட்டாள். முகம் வெளுத்திருக்கிறது, நிறைய எடுத்துவிட்டார்கள் என்று இரண்டு பழம் கூடுதலாக வைத்தாள். ஒரு சொட்டும் குறையாத உடம்புக்கு அத்தனையையும் தின்றேன்.

அடுத்த அறையில் சுமதி இன்னும் விளக்கை அணைக்கவில்லை. நானும்தான்.