ஒரு கை அகலம்

ஜனவரி 19, திங்கள்

கல்யாணமானதிலிருந்து பொங்கலுக்கு ஊருக்குப் போகாத முதல் வருஷம். சங்கரன்கோவில் வரைக்கும் முதுகைச் சாய்க்காமல் பஸ்ஸில் உட்கார இவரால் முடியாது. கார்த்திகையில் வந்த அக்கி. வீட்டுக்காரம்மா முனியம்மாள் அக்கா ஆள் கூட்டிவந்து காவியால் அக்கி எழுதவைத்தார். டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். கொப்புளம் காய்ந்து, பொருக்கும் உதிர்ந்துவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே, என் கையை விரித்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு இடம். அங்கே சட்டை பட்டாலே துடித்துப்போகிறார்.

ஒரகடம் கம்பெனியில் இவருக்குப் பிப்ரவரி முடியும்வரை லீவு. அதற்குள் யூனிஃபார்ம் போட முடியவில்லை என்றால்? பார்க்கலாம். பார்க்கலாம் என்று எழுதவே கோபமாக வருகிறது.

ஜனவரி 21, புதன்

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பார்த்தோம். புண் முழுக்க ஆறிவிட்டது, இது நரம்பு வலி என்றார் டாக்டரம்மா. மிளகாயின் காரம் சேர்ந்த களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். கையுறை போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை தடவ வேண்டும். "முதல்ல கூடுதலாவே எரியும், விட்டுடாதீங்க. பலன் தெரிய மூணு நாலு வாரம் ஆகும்." எப்படிப் போடுவது என்று அச்சடித்த சீட்டும் கொடுத்தார். என் கம்பெனி ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சீட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

எரிகிற உடம்புக்கு மிளகாயா? இவர் சிரிக்கக்கூட இல்லை.

ஜனவரி 22, வியாழன்

ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் உடம்பில் எங்கே வலித்தாலும் முதலில் வெந்நீர். பிறகுதான் மருந்து. அம்மாவுக்கு அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். ஒரு வாளி வெந்நீர் வைத்து முதுகில் இதமாக ஊற்றினேன். நல்லா இருக்கு என்றுகூடச் சொன்னார். துடைத்து, ஈரம் காயுமுன் களிம்பைத் தடவினேன். அஞ்சே நிமிஷம். சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நான் பச்சைத் தண்ணீரை எடுத்து ஊற்ற, இன்னும் கத்தினார்.

சத்தம் கேட்டு முனியம்மாள் அக்கா ஓடிவந்தார். "இன்னாம்மா பண்ணிகினு கீற? மொளகா அரிஞ்ச கைக்கு தண்ணி ஊத்துனா அடங்குமா? எண்ணெய எடு." தேங்காய் எண்ணெய் தொட்டு அவர்தான் துடைத்துவிட்டார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் சீட்டை எடுத்துப் படித்தேன். மூன்றாவது வரியிலேயே இருக்கிறது: வெந்நீரில் குளித்ததும் தடவக் கூடாது.

ஜனவரி 24, சனி

"தொடாத தாயி, கும்பிட்டுக்கிடுதேன்." சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுக்கப் போனதற்கு இப்படிச் சொல்கிறார். பாயை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிருதேன் என்கிறார். போயிருதேன். போயிருதோம் என்றுகூட வரவில்லை வாயில்.

ஜனவரி 25, ஞாயிறு

களிம்பு அலமாரியில் அப்படியே இருக்கிறது. நானும் அப்படியே இருக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன். எழுதவும் வெட்கம், எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இவர் கடைக்குப் போயிருந்தபோது என் இடது கையை வெந்நீரில் நனைத்து, மணிக்கட்டில் அந்தக் களிம்பைத் தடவிக்கொண்டேன். இவருக்கு என்ன கொடுத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்தது. நல்ல தோலுக்கே இப்படி என்றால் நரம்பு கெட்ட இடத்துக்கு எப்படி இருந்திருக்கும்? அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

வந்து பார்த்தார். களிம்பையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏட்டி, உனக்கு மூளை இருக்கா?" திட்டிக்கொண்டே எண்ணெய் எடுத்துவந்து துடைத்துவிட்டார். அஞ்சு நாளைக்கு அப்புறம் இவர் கை என்மேல் பட்டது. எரிச்சலோடு எரிச்சலாக, சந்தோஷமாகவும் இருந்தது.

ஜனவரி 28, புதன்

மூளை இல்லைதான். எங்கள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் ஸ்ட்ராப் கட்டுகிற இடத்திலேயே தடவியிருக்கிறேன். உடம்பில் இருக்கிற மின்சாரம் சர்க்யூட் போர்டைக் கெடுக்காமல் இருக்க மணிக்கட்டில் கட்டுவது, ஷிஃப்ட் முடியும்வரை கழற்றக் கூடாது. வியர்க்க வியர்க்க அடியில் மறுபடியும் காந்தியது. சூப்பர்வைசர் சந்திரலேகா "கை இன்னா இப்டி செவந்துகீது?" என்று கேட்டாள். அடுப்பு சுட்டது என்றேன். எட்டு மணி நேரமும் இவர் சட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். "போடு. வெந்நீர் வைக்காம போடு." கையுறை போட்டு, பட்டாணி அளவு. எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் கத்தவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை. எரிகிற இருபது நிமிஷமும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். இன்றைக்கு இவர் முறை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் என்னை முதலில் பார்த்த கதை. நான் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேனாம். "இவகிட்ட மாட்டுதவன் செத்தான்னு நினைச்சேன், நானே மாட்டிக்கிட்டேன்." ஏழு வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 11, புதன்

இரண்டு வாரம் ஆயிற்று. ஒன்றும் குறையவில்லை. கத்திவிட்டேன். இவரிடம் இல்லை, குக்கரிடம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

களிம்பு போட்டும் அவ்வளவாக எரியவில்லை என்றார். மருந்து பழசாகிவிட்டதோ என்று தேதி பார்த்தேன். புதுசுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

பழைய பருத்திச் சட்டையைத் தோளில் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம். மாலையில் அரை மணி. கண் திருஷ்டி பட்டுவிடும் என்று முனியம்மாள் அக்காவிடம் சொல்லவில்லை. பொய், ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 2, திங்கள்

யூனிஃபார்ம். உள்ளே மெல்லிய பனியன். பட்டன் போட்டுவிட்டேன். வலி போயே போச்சா என்றால் இல்லை; தாங்குற மாதிரி இருக்கு என்கிறார். கம்பெனி பஸ்ஸில் ஏறி, சீட்டில் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கை காட்டினார்.

மார்ச் 8, ஞாயிறு

மத்தியானம் இரண்டு பேருக்கும் நல்ல தூக்கம். விழித்துப் பார்த்தால் என் இடது கை இவர் முதுகில் கிடக்கிறது. அதே இடத்தில், விரித்தபடி. எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும் தாயி" என்றார், கண்ணைத் திறக்காமல்.

கை இன்னும் அங்கேதான் இருக்கிறது. வலது கையால் மட்டும் எழுதுகிறேன். நோட்டைப் பிடிக்க ஆள் இல்லை, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாகப் போகிறது.