இடது பக்கம் பார்க்கும் சேவல்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
17-2-1963

அன்பு மகன் கிளமென்டுக்கு அப்பா அற்புதசாமி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் அடைக்கலராஜ் லீவு முடிந்து நாளை ரயில் ஏறுகிறான். இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உனக்கு எழுத்துகள் ஆடுகின்றனவாமே, அவனே படித்துக் காட்டட்டும். அடைக்கலராஜ், ஒரு வரியையும் விழுங்காமல் படி. எங்கள் வீட்டில் விழுங்கிய இட்லியே போதும்.

இங்கே பனி விட்டு வெயில் ஆரம்பித்துவிட்டது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இந்த வருஷத்தோடு எனக்கு சர்வீஸ் முடிகிறது. அதன் பிறகு நாள் முழுக்க உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சேவல் எப்படி இருக்கிறது என்று கேட்டனுப்பியிருந்தாய். நீ பட்டாளத்துக்குப் போனபோது அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட அந்தச் சிவப்புச் சேவலைத்தானே சொல்கிறாய்? நீ திரும்பி வந்து உன் கையாலேயே அதைக் கொண்டுபோய்க் கோயிலில் விட வேண்டும் என்பது வேண்டுதல். அது உயிரோடு இருக்கும் வரை உனக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மாவாகவே ஒரு சட்டத்தையும் சேர்த்துக்கொண்டாள். அந்தோனியார் அப்படி எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

எல்லையில் உனக்குத் தலையில் அடிபட்டதாகத் தந்தி வந்ததே, அதே மாதம்தான் நம் தெருக் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டது. நம் வீட்டில் எல்லாம் போய்ச் சேவல் மட்டும் மிஞ்சியது. பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். பிறகு ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால், கழுத்தை இடது பக்கமாகத் திருகி, அலகு முதுகைத் தொட, ஒற்றைக் கண்ணால் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறது. நடக்க விட்டால் இடது பக்கமாகவே வட்டம் போட்டது. சுற்றிக்கொண்டே இருந்து சட்டென்று நின்றுவிடும், யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. கம்புத் தானியம் போட்டால் அதை விட்டுப் பக்கத்து மண்ணைக் கொத்தும். விடியற்காலையில் கூவுவதையும் விட்டுவிட்டது. உச்சி வெயிலில், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், பாதிக் குரலில் கூவும்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய், “அது கண்ணுக்கு என்னமோ தெரியுதுண்ணே, அறுத்துப் போட்டுருங்க” என்றாள். அன்றைக்கே அம்மா அரிவாள்மனையை எங்கோ ஒளித்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க நறுக்காத காய் போட்ட குழம்புதான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் சேவலைத் தூக்கிக்கொண்டு போனோம். கழிச்சல் வந்து பிழைத்த கோழிகளில் சிலவற்றுக்கு நோய் நரம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். மருந்து கிடையாதாம், கையால் ஊட்டினால் இருக்குமாம். முப்பது வருஷமாக எஞ்சின் பார்க்கிற எனக்கு அது புரிந்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் புரிய வைக்க ஒரு சோதனை செய்தேன். சேவலைத் தூக்கிக் கிணற்றைப் பார்க்க நிறுத்தினேன், இடது பக்கம் பார்த்தது. எதிர்ப்பக்கம் திருப்பி வீட்டைப் பார்க்க நிறுத்தினேன், அப்போதும் இடது பக்கமே. அங்கே யாராவது நின்றால் நான் திருப்பும்போது அது மற்றப் பக்கமல்லவா பார்க்க வேண்டும், ஆகவே யாரும் இல்லை என்றேன். அம்மா சேவலைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “அப்ப கூடவே சுத்தி வருதுங்க” என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

இப்போது தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா அதன் இடது பக்கம் உட்கார்ந்து நொய்ச் சோற்றை உருட்டி ஊட்டுகிறாள். அந்தப் பக்கம் இருந்தால்தான் அதற்குக் கை தெரிகிறது. ஊட்டும்போது உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். முதலில் அதட்டினேன். பிறகு விட்டுவிட்டேன்.

நேற்று அடைக்கலராஜ் வந்தான். அம்மா கொல்லையில் இருந்தாள். அவன் வாசலில் நின்றபடியே என் காதோடு சொன்னான். உன் காயம் ஆறிவிட்டதாம், சாப்பிடுகிறாயாம், ஆட்களைத் தெரிகிறதாம். ஆனால் நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்க்கிறாயாம். என்ன என்று கேட்டால், யாரோ கூப்பிட்டார்கள் என்கிறாயாம். எந்த நேரத்தில் அதிகம் என்று கேட்டேன். விளக்கேற்றும் நேரத்தில் என்றான். அம்மாவிடம் மூச்சு விடாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன்.

இன்னொன்றும் சொன்னான். உன்னை வீட்டுக்கு அனுப்பப் பெரிய டாக்டர் சம்மதித்துவிட்டாராம். நீதான் வரமாட்டேன் என்கிறாயாம். இந்தக் கோலத்தில் அம்மா முன்னால் போய் நிற்க முடியாது, ஏதாவது ஒரு விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்றாயாம். கிளமென்ட், நீ என்னை எத்தனையோ முறை கோபப்படுத்தியிருக்கிறாய். அழவைத்தது இதுதான் முதல் தடவை.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவனுக்குக் காப்பி கொடுத்தாள். அங்கே குளிர் எப்படி, என்ன சோறு போடுகிறார்கள் என்று கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னான். பிறகு, தம்ளரைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிக்கொண்டே, “இடது பக்கந்தானே தம்பி திரும்புறான்?” என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கொல்லைக்கும் வாசலுக்கும் நடுவில் இரண்டு அறை இருக்கிறது.

அம்மா பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ராத்திரி படுக்கும்போது, “எப்படி இருந்தா என்னங்க, வரச் சொல்லி எழுதுங்க. நேராப் பாத்தாத்தான் பிள்ளையா?” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு விளங்குவதை விளங்குகிறது என்றும், விளங்காததை விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். உன்னைக் கூட்டிவர நானே புறப்பட்டு வருகிறேன். அடைக்கலராஜிடம் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும், அவன் தந்தி அடிப்பான்.

சர்வேசுரனும் தேவமாதாவும் உன் பக்கத்தில் இருக்கட்டும். யார் கூப்பிட்டாலும் திரும்பாதே என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்களாம். நீ திரும்பிப் பார், மகனே. கூப்பிடுவது உன் அம்மாதான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அற்புதசாமி